திறனும் திறமையும்

திறன் என்பதன் முந்தைய வடிவம் திறம். அறம் அறன் என்றும் நிலம் நிலன் என்றும் வருவதுபோல், ஈற்று மகரம் னகரமாகியும் பொருள் மாறாமல் நிற்பதை இலக்கணம் கடைப்போலி என்கிறது. வகை, கூறுபாடு, தன்மை, வலிமை எனத் திறத்துக்குப் பொருள் பல. திருக்குறளில் வரும் ‘திறன்’ என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஆற்றல் என்றே பொருள் கொண்டால் உரை பிசகும். இன்று திறம் பெரும்பாலும் ‘திறம்பட’, ‘இருதிறத்தார்’ போன்ற வழக்குகளில் ஒதுங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ நல்ல மாம்பழமும் ‘திறம்’, நல்ல பாட்டும் ‘திறம்’.

அதே அடியில் ‘மை’ சேர்ந்த திறமை வேறு வழியில் சென்றது. பேச்சுத் திறன், பேச்சுத் திறமை என்னும் இணையில் இது தெளிவாகத் தெரியும். குழந்தைக்குப் பேச்சுத் திறன் வந்துவிட்டதா என்று மருத்துவர் பார்க்கிறார். மேடைப் பேச்சாளரின் பேச்சுத் திறமையை அவை மெச்சுகிறது. முன்னது ஒன்றைச் செய்ய இயலும் நிலை. பின்னது அதைப் பிறரினும் நன்றாகச் செய்வது. திறமை என்றதுமே அங்கே ஒரு மதிப்பீடு வந்துவிடுகிறது. இலங்கைப் பொதுத் தேர்வுகளில் சாதாரண சித்திக்கு மேற்பட்ட ஒரு தரத்துக்குத் ‘திறமைச் சித்தி’ என்று பெயர் இருப்பது இதனால் பொருந்துகிறது.

மதிப்பீடு கலவாததால்தான் திறன் அறிவியலுக்கு உதவியது. இயற்பியலில் வேலை செய்யப்படும் வீதம் திறன். அதன் அலகு வாட். ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட். மோட்டாருக்குத் திறன் உண்டு, திறமை கிடையாது. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கையும் மொழித்திறன்கள் என்று ஆசிரியர் பயிற்சி நூல்கள் சொல்வதும் இவ்வழியே.

எதிர்மறையில் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ‘பார்வைத்திறன் குறைந்தவர்’ என்பது ஒருவருடைய நிலையைச் சொல்கிறது. ‘திறமை குறைந்தவர்’ என்பது பழி. ‘ஊனமுற்றோர்’ என்ற பழைய வழக்கை விலக்கி வந்த ‘மாற்றுத்திறனாளி’, திறனை அடியாகக் கொண்டதால் நிலைத்தது எனலாம். ஆளைப் புகழத் தமிழில் திறமைசாலி தனியே உண்டு. அங்கே திறனாளி என்றால் புகழ்ச்சி தொனிக்காது.

எல்லை மங்கும் இடமும் உண்டு. தட்டச்சையும் கணக்குப்பதிவையும் கற்றுத்தரும் பயிற்சிகளைச் சிலர் ‘திறமை மேம்பாடு’ என்று எழுதுகிறார்கள். பயிற்சியால் எவரும் பெறக்கூடியவை ஆதலால் அங்கே திறன் மேம்பாடு என்பதே சரி.