விளம்பரத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்

ஜவ்வாது மலையைப் பார்த்தபடி வீடு, வற்றாத தண்ணீர், முப்பதடிச் சாலை என்று வாட்ஸ்அப்பில் விளம்பரங்கள் வருகின்றன. குடிபோன பிறகு பார்த்தால் போர்வெல்லில் தண்ணீர் இல்லை, சாலை பன்னிரண்டடிதான். "இதற்கு என்ன வழி சார்?" என்று போளூர்ப் பக்கம் இருக்கும் பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். நான் வரலாற்று வாத்தியார். பழைய கதையிலிருந்தே சொல்கிறேன்.

வாங்குபவன்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது ஆங்கிலேயரின் பழைய சட்ட மரபு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அதைக் கொஞ்சம் தளர்த்தியது. விற்பவர் தெரிந்தே பொய் சொன்னாலும், உண்மை என்று நம்பித் தவறாகச் சொன்னாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் தெரியாமல் சொன்ன தவறு என்றால், "சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்குமே" என்று விற்றவர் வாதாட இடமுண்டு. 1882-இல் வந்த சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, வாங்குபவர் கண்ணுக்கு எளிதில் படாத முக்கியக் குறையை, தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவரே சொல்ல வேண்டும் என்றது. இரண்டுக்கும் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்; வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும்.

1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் வீடு கட்டித் தருவதும் 'சேவை' என்று 1993-இல் திருத்தம் சேர்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கட்டித் தருபவர் அரசு அமைப்பானாலும் நுகர்வோர் மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றானது.

விளம்பரத்தையே நேராகப் பிடித்தது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம்தான். இங்கிலாந்தில் வீட்டுத் தரகர் பொய்யாக விவரிப்பது 1991-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றமாக்கப்பட்டது. நம் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, பொய் விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். விலக நினைத்தால் கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். புகாரை 'ரெரா' ஆணையத்திடம் கொடுக்கலாம்.

ஒரு எல்லை உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில், அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாமல் கட்டும் திட்டம் பதிவு செய்ய வேண்டியதில்லை. தனி ஆள் தன் பழைய வீட்டை விற்றால் 1872, 1882 சட்டங்கள்தான் துணை. அதிலும் உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் ரத்து கேட்டு வழக்குப் போட வேண்டும்.

ஆகவே விளம்பரத்தில் ரெரா பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். தாளையும் வாட்ஸ்அப் செய்தியையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். தண்ணீர், சாலை பற்றிச் சொன்ன வாக்கைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால், முன்பணம் கொடுக்கும் முன் அதன் காரணத்தைக் கேளுங்கள்.