எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஒரு சட்டம் தடுமாறிய கதை

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்றதும் உள்ளே படுத்திருக்கும் நோயாளிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார். அதே அறைக்குள் தினமும் போய் வரும் நர்ஸ், டெக்னீஷியன், மயக்க மருந்து டாக்டர்? அவர்கள் உடலில் படும் மின்காந்தப் புலம் எவ்வளவு? ஐரோப்பாவில் ஒரு சட்டத்தையே தடுமாற வைத்த கேள்வி இது.

மருத்துவமனைகளில் பரவலாக இருப்பது 1.5 டெஸ்லா எந்திரம். அதன் காந்தப் புலம் பூமியின் காந்தப் புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலியது. ஸ்கேன் ஓடாதபோதும் அது அப்படியே இருக்கும். ஓடும்போது வேகமாக மாறும் காந்தப் புலமும் ரேடியோ அலையும் கூடச் சேரும்.

2004ல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஒரு வரம்பு விதித்தது. குறைந்த அதிர்வெண் புலங்களால் உடலுக்குள் உண்டாகும் மின்னோட்டம் சதுர மீட்டருக்கு 10 மில்லிஆம்பியரைத் தாண்டக் கூடாது. 2008 ஏப்ரலுக்குள் உறுப்பு நாடுகள் இதை அமல்படுத்த வேண்டும்.

சரி, எப்படி அளப்பது? எக்ஸ்-ரே ஊழியர் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொள்வார். சில வாரங்கள் கழித்து அதைச் சோதித்தால் மொத்தக் கணக்கு கிடைத்துவிடும். இங்கே அது நடக்காது. சட்டம் கேட்டது மொத்தத்தை அல்ல, அந்தந்த நொடியின் அளவை. அதுவும் உடலுக்குள்! வெளியே புலத்தை அளந்து, கம்ப்யூட்டரில் மனித உடல் மாதிரியை வைத்துக் கணக்குப் போட வேண்டும். போதாக்குறைக்கு, காந்தத்தின் அருகே தலையை வேகமாகத் திருப்பினாலே உடலுக்குள் மின்னோட்டம் உண்டாகும்.

மருத்துவர்கள் கொதித்தார்கள். மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் பக்கத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும். அதைத் தடுத்தால் குழந்தையை சி.டி. ஸ்கேனுக்குத்தான் அனுப்ப வேண்டும். அதில் இருப்பது எக்ஸ்-ரே! 2007ல் இதற்கென்றே ஒரு கூட்டணி உருவானது. ஐரோப்பிய ஆணையம் நான்கு மருத்துவமனைகளில் அளந்து பார்க்க ஏற்பாடு செய்தது. ஓடும் எந்திரத்தை ஒட்டி நின்று செய்யும் சில வேலைகளில் வரம்பு மீறப்படுவது தெரிந்தது.

கெடு 2012க்குத் தள்ளிப்போனது, பிறகு 2013க்கு. 2013 ஜூனில் புதிய சட்டம் வந்து பழையதை நீக்கியது. எம்.ஆர்.ஐ.க்கு விலக்கு கிடைத்தது, ஆனால் சும்மா அல்ல. ஆபத்தை மதிப்பிட்டிருக்க வேண்டும். முடிந்த பாதுகாப்பு எல்லாம் செய்திருக்க வேண்டும். ஊழியர் பாதுகாப்பாக இருக்கிறார் என்பதை முதலாளி நிரூபிக்க வேண்டும். உறுப்பு நாடுகளுக்குக் கெடு 2016 ஜூலை 1.

வலிமையான காந்தத்தின் அருகே நகரும்போது தலைசுற்றல் வரும், வாயில் உலோகச் சுவை தட்டும். எனவே ஊழியர்களின் கவலை பொய்யல்ல. நோக்கம் நல்லது, வரிசைதான் தவறு. முதலில் எண்ணை எழுதினார்கள், பிறகுதான் அளக்கப் போனார்கள்!