முதுமை மறதியும் மருத்துவமனைத் தங்கலும்

முதுமை மறதி என்பது நினைவாற்றல், மொழி, முடிவெடுக்கும் திறன் ஆகியன படிப்படியாகக் குன்றி அன்றாட வாழ்வைப் பாதிக்கும் நோய்க்கூட்டம் ஆகும். ஆல்சைமர் நோய் இதன் முதன்மைக் காரணம். இந்நோயாளர் மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கும் காலம் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது.

சேர்க்கைக்கான காரணங்கள்

பலர் மறதிக்காக அல்லாமல் இடுப்பெலும்பு முறிவு, நிமோனியா, சிறுநீர்த்தொற்று, நீரிழப்பு ஆகியவற்றுக்காகவே சேர்க்கப்படுகின்றனர். புதிய இடமும் தொற்றும் திடீர்க் குழப்பநிலையை உண்டாக்கக்கூடும். இது தங்கலை நீட்டிக்கும்.

நாடுகளிடையே வேறுபாடு

இங்கிலாந்தில், 65 வயதைக் கடந்த மறதி நோயாளர் மருத்துவமனைப் படுக்கைகளில் கால்பங்கு வரை நிரப்புவதாக ஆல்சைமர் சங்கம் 2009இல் மதிப்பிட்டது. வீடு திரும்பியபின் பராமரிக்க ஏற்பாடு இல்லாமை அங்கு நீண்ட தங்கலுக்கு ஒரு காரணம். இந்தியாவில் உடனிருந்து உணவூட்டுவதும் காவலிருப்பதும் பெரும்பாலும் குடும்பத்தினரே.

இந்தியாவில்

2023இல் வெளியான தேசிய ஆய்வு, 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, முதுமை மறதி இருப்பதாக மதிப்பிட்டது. நகர்ப்புறத்தைவிட ஊரகத்தில் இது அதிகம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் முதியோர் பங்கு கேரளத்தில் 12.6%, தமிழ்நாட்டில் 10.4%, இந்திய அளவில் 8.6%.

கோவில்பட்டி கரிசல் வட்டாரம்

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டியில் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை உள்ளது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல, ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவிலுள்ள திருநெல்வேலிக்கோ, தூத்துக்குடிக்கோ, ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள மதுரைக்கோ பயணிக்கலாம். மானாவாரி வேளாண்மையும் தீப்பெட்டித் தொழிலும் நிறைந்த இவ்வட்டாரத்தில், உடனிருப்பவர் தினக்கூலியாயின் மருத்துவமனையில் கழியும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பாகும். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் முதிய துணைவரே காவலிருக்க நேரிடும். எனவே தங்கல் நாட்கள் குறைவாக இருப்பது நோய் குறைவு என்று பொருளாகாது. மறதியை முதுமையின் இயல்பெனக் கருதுவதால் நோயறிதலே நிகழாமல், ஏட்டில் எலும்பு முறிவு மட்டும் பதிவாவதும் உண்டு.

2021 ஆகத்து 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளையும் இயன்முறை, நோய்த்தணிப்புச் சிகிச்சைகளையும் வீட்டுக்கே கொண்டு செல்கின்றது. அவ்விரு நோய்களும் முதுமை மறதிக்கான இடர்க்காரணிகளாகும்.

உடனிருப்போர் கவனிக்க வேண்டியவை

* மறதி இருப்பதைச் சேர்க்கையின்போதே மருத்துவரிடம் கூறுதல்
* வழக்கமான மருந்துச் சீட்டு, மூக்குக்கண்ணாடி, காதொலிக்கருவி ஆகியவற்றைக் கொண்டுசெல்லல்
* இயன்றவரை பழகிய ஒருவரே உடனிருத்தல்
* திடீர்க் குழப்பம், மிகை உறக்கம் தோன்றின் உடனே தெரிவித்தல்
* வீடு திரும்புமுன் மருந்து, உணவு, நடைப்பயிற்சி குறித்து எழுதி வாங்குதல்

இவற்றையும் பார்க்கவும்

* ஆல்சைமர் நோய்
* முதியோர் மருத்துவம்
* கோவில்பட்டி