8.8.8.8 போட்டாலும் வேலை செய்யாதா? மலேசியாவை உலுக்கிய டிஎன்எஸ் சர்ச்சை

2024 செப்டம்பர் முதல் வாரத்தில் மலேசிய இணையப் பயனாளர்கள் சிலர் ஒன்றைக் கவனித்தார்கள். வீட்டு ரவுட்டரில் கூகளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று அமைத்து வைத்திருந்தார்கள். ஆனால் பதில் வந்தது அவற்றிடமிருந்து இல்லை, மாதாமாதம் பில் அனுப்பும் இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து. நடுவழியில் யாரோ கடிதத்தைப் பிரித்துப் பார்த்து, வேறு முகவரிக்குத் திருப்பிவிட்ட மாதிரி.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எம்.சி.எம்.சி எனப்படும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போட்டிருந்தது. பொது டிஎன்எஸ் சேவைகளுக்குப் போகும் கேள்விகளை எல்லாம் உள்ளூர் டிஎன்எஸ்-க்குத் திருப்பிவிட வேண்டும். அதற்குக் காலக்கெடு செப்டம்பர் 30. சில நிறுவனங்கள் காலக்கெடுவுக்குக் காத்திருக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டன.

செப்டம்பர் 7, சனிக்கிழமை, ஆணையம் விளக்க அறிக்கை விட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தொடர்புத்துறை அமைச்சர் ஃபஹ்மி ஃபட்சில் இந்த முறையை அமல்படுத்த வேண்டாம் என்று ஆணையத்திடம் கேட்டுக்கொண்டதாக அறிவித்தார். ஒரே வார இறுதியில் எல்லாம் முடிந்தது. ஆனால் அந்த உத்தரவு எழுப்பிய கேள்வி முடியவில்லை. நீங்கள் எந்தத் தளத்தைத் தேடுகிறீர்கள் என்பதில் அரசாங்கம் எவ்வளவு தூரம் கை வைக்கலாம்?

சரி, டிஎன்எஸ் என்றால் என்ன?

ஓர் இணையத்தளத்தின் பெயரை நீங்கள் தட்டச்சு செய்கிறீர்கள். கணினிக்குப் பெயர் புரியாது, எண்தான் புரியும். அந்தப் பெயருக்கு உரிய எண் எது என்று தேடித் தருவதுதான் டிஎன்எஸ். பழைய தொலைபேசிப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள் (வீட்டில் பார்த்ததில்லை என்றால் தாத்தாவிடம் கேளுங்கள்).

பெரும்பாலானோர் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. லைன் போட்டுக் கொடுத்த நிறுவனத்தின் புத்தகத்தையே அவர்களின் கைப்பேசியும் பயன்படுத்தும். மலேசியாவில் ஒரு தளத்தை முடக்க வேண்டும் என்றால் அந்தப் புத்தகத்தில்தான் கை வைக்கிறார்கள். ஆணையம் சொல்லும், நிறுவனம் அந்தப் பெயருக்கு உண்மையான எண்ணைக் கொடுக்காமல் ஓர் அறிவிப்புப் பக்கத்தின் எண்ணைக் கொடுக்கும். தளம் தன் இடத்தில் அப்படியேதான் இருக்கும். அதற்குப் போகும் வழியைத்தான் உங்களிடமிருந்து மறைக்கிறார்கள்.

இதைத் தாண்டுவது ரொம்பச் சுலபம் என்பது பல மாணவர்களுக்கே தெரியும். வேறு புத்தகத்துக்கு மாறினால் போதும். 8.8.8.8 என்பது அப்படி ஒரு வேறு புத்தகம். ஆணையம் அடைக்க நினைத்த ஓட்டை இதுதான்.

தொழில்நுட்பத்தில் இதற்கு ஒரு வசதியும் இருந்தது. சாதாரண டிஎன்எஸ் கேள்வி மறையாக்கம் இல்லாமல் போகிறது. உறை இல்லாத போஸ்ட் கார்டு போல, வழியில் இருக்கும் யாரும் படிக்கலாம், திருப்பிவிடலாம். மறையாக்கம் செய்யப்பட்ட டிஎன்எஸ் வேறு மாதிரி. அது மற்ற இணையப் போக்குவரத்தோடு கலந்து போவதால் திருப்புவது கடினம். வேண்டுமானால் அந்தச் சேவையை மொத்தமாகத் தடுக்கலாம், அவ்வளவுதான்.

ஆணையம் சொன்ன காரணம்

பயனாளர்களை, முக்கியமாகப் பாதிக்கப்படக் கூடியவர்களை, தீங்கான உள்ளடக்கத்திலிருந்து பாதுகாப்பதற்காகவே இந்த நடவடிக்கை என்றது ஆணையம். சட்டபூர்வமான தளங்கள் எதுவும் பாதிக்கப்படாது என்றும் சொன்னது. கூடவே ஒரு கணக்கையும் வெளியிட்டது. 2018 முதல் 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 தளங்கள் முடக்கப்பட்டன. அவற்றில் 39 விழுக்காடு இணையச் சூதாட்டம், 31 விழுக்காடு ஆபாசம், 14 விழுக்காடு பதிப்புரிமை மீறல், 12 விழுக்காடு "மற்ற தீங்கான தளங்கள்". விபசாரம் 2 விழுக்காடு. சட்டவிரோத முதலீடும் மோசடியும் சேர்த்து இன்னொரு 2 விழுக்காடு.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மோசடி என்றால் எல்லாருக்கும் பயம். நம் குடும்பங்களிலேயே பணத்தைப் பறிகொடுத்தவர்கள் இருக்கலாம். ஆனால் முடக்கப்பட்டவற்றில் மோசடித் தளங்கள் ஏறக்குறைய 485தான். ஆணையம் சும்மா இருந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. மோசடிக்காரன் இன்று ஒரு முகவரியைத் திறப்பான், நாளைக்கு மூடிவிட்டு வேறு ஒன்றைத் திறப்பான். அழைப்பு தொலைபேசியில் வரும், லிங்க் வாட்ஸ்அப்பில் வரும். பெயர்ப் பட்டியல் வைத்துத் தடுக்கும் முறை, நிலையாக ஓர் இடத்தில் இருக்கும் தளத்துக்குத்தான் பொருந்தும்.

அந்த 12 விழுக்காட்டையும் கவனியுங்கள். கிட்டத்தட்ட 2,900 தளங்கள். "மற்ற தீங்கான" என்ற அந்தச் சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று அந்தக் கணக்கில் விவரம் இல்லை.

பிறகு ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

தடுக்கப்பட்ட தளங்களைப் பார்க்க முடியாதே என்ற கவலை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். சூதாட்டத் தளத்துக்காக யாரும் குரல் கொடுக்கவில்லை.

ஒன்று, நம்பிக்கை. ஒரு பொது டிஎன்எஸ்-ஐத் தேர்ந்தெடுத்த பயனாளருக்கு, அதிலிருந்து வந்த பதில் போலவே வேறு ஒருவரின் பதில் வருகிறது. இன்று சூதாட்டத் தளத்துக்கு நடப்பது நாளைக்கு எதற்கு நடக்கும் என்று பயனாளருக்குத் தெரிய வழியே இல்லை.

இன்னொன்று கொஞ்சம் முரணானது, இதைப் பலர் பேசவே இல்லை. கிளவுட்ஃபிளேர் 1.1.1.3 என்று ஒரு சேவை தருகிறது. தீம்பொருள் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் அதுவே வடிகட்டிவிடும். பிள்ளைகளுக்காக அதை ரவுட்டரில் போட்டு வைத்திருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். எல்லாக் கேள்விகளையும் உள்ளூர் டிஎன்எஸ்-க்குத் திருப்பிவிட்டால் அந்த வடிகட்டியும் சேர்ந்தே செயலிழக்கும். பாதுகாப்புக்காகப் போட்ட உத்தரவு, பெற்றோர் தாங்களே போட்டு வைத்த பாதுகாப்பைக் கழற்றிவிட்டிருக்கும்.

ஆனால் அப்போது பரவிய எல்லாமே சரியில்லை. "இனிமேல் அரசாங்கம் நீங்கள் பார்ப்பதை எல்லாம் படிக்கும்" என்ற மாதிரி செய்திகளும் சுற்றின. டிஎன்எஸ்-ஐத் திருப்புவதால் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லோ குறுஞ்செய்தியோ தெரிந்துவிடாது. எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டீர்கள் என்பது மட்டும்தான் தெரியும். மறையாக்கம் இல்லாத கேள்வி என்றால், உங்கள் நிறுவனத்தால் அதை முன்பும் பார்க்க முடிந்தது. உள்ளூர் டிஎன்எஸ் என்றாலே வேகம் குறையும் என்பதும் பொதுவாகச் சொல்லிவிட முடியாத ஒன்று. பக்கத்தில் இருக்கும் சர்வர் சில வேளை இன்னும் வேகமாகவே பதில் தரும்.

பழைய நினைவு ஒன்று

எதிர்ப்பு அவ்வளவு வேகமாக எழுந்ததற்குப் பின்னால் 2015 இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலையில், 1எம்டிபி விவகாரம் பற்றி எழுதிவந்த சரவாக் ரிப்போர்ட் தளம் முடக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் தி மலேசியன் இன்சைடர் செய்தித்தளம் முடக்கப்பட்டது. மறு மாதமே அது மூடப்பட்டது. 2018 பொதுத்தேர்தலில் ஆட்சி மாறிய பிறகுதான் சரவாக் ரிப்போர்ட் மீதான தடை நீங்கியது. அதற்குள் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. சூதாட்டத்தைத் தடுக்கப் பயன்படும் அதே பொத்தான் செய்திக்கும் பயன்படும் என்று மலேசியர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

சட்டத்திலும் ஓர் இழுபறி உண்டு. 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் பிரிவு 3(3), இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் இணையத் தணிக்கையை அனுமதிப்பதாகப் பொருள் கொள்ளப்படாது என்கிறது. மல்டிமீடியா சூப்பர் காரிடோர் காலத்தில் முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. அதே சட்டத்தின் பிரிவு 263, தங்கள் கட்டமைப்பு குற்றத்துக்குப் பயன்படாமல் இருக்க உரிமம் பெற்ற நிறுவனங்கள் இயன்ற வரை முயல வேண்டும் என்கிறது. தள முடக்கத்துக்கு ஆணையம் காட்டுவது பெரும்பாலும் இந்த 263-ஐத்தான். தணிக்கை கூடாது என்று ஒரு பக்கமும், குற்றத்தைத் தடு என்று இன்னொரு பக்கமும் சொல்லும்போது, இடையில் எங்கே கோடு போடுவது என்பது ஆணையத்தின் கையில் இருக்கிறது.

சிங்கப்பூரும் தளங்களை முடக்குகிறது. 2024 அக்டோபரில் பொய்த்தோற்றம் கொண்ட 10 தளங்களை முடக்கும்படி அங்கே உத்தரவிடப்பட்டபோது, அவற்றின் பெயர்களையும் காரணத்தையும் அதிகாரிகள் வெளியிட்டார்கள். முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். விவாதிக்க ஒரு பட்டியலாவது கையில் இருந்தது. என் பார்வையில், மலேசியாவில் குறைந்தபட்சம் அந்த அளவு வெளிப்படைத்தன்மையாவது இருந்திருந்தால் செப்டம்பர் சண்டை இவ்வளவு பெரிதாகி இருக்காது.

இப்போது நிலவரம் என்ன?

திருப்பிவிடும் திட்டம் நின்றது. தள முடக்கம் நிற்கவில்லை. பழைய முறையில் தொடர்கிறது. ஒழுங்குமுறையின் கவனம் சமூக ஊடகங்களின் பக்கம் நகர்ந்தது. 2025 ஜனவரி 1 முதல், மலேசியாவில் 80 லட்சமோ அதற்கு மேலோ பயனாளர்களைக் கொண்ட சமூக ஊடக, குறுஞ்செய்திச் சேவைகளுக்கு உரிமம் தேவை என்ற விதி நடப்புக்கு வந்தது. தொடர்பு, பல்லூடகச் சட்டத் திருத்தங்களில் பெரும்பாலானவை அதே ஆண்டு பிப்ரவரி 11-இல் அமலாயின. பிரிவு 233-இன் கீழான அபராதத்தின் உச்ச வரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. பதிவு போடும் பழக்கம் உள்ள உங்களுக்கு டிஎன்எஸ்-ஐவிட இதுதான் கிட்டத்தில் வரும் விஷயம்.

நீங்களோ உங்கள் குடும்பமோ ஓர் இணையக் கடை நடத்தி, அது தவறுதலாக முடக்கப்பட்டால்? முதலில் வேறு நிறுவனத்தின் லைனில் திறந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் திறக்கவில்லை என்றால் அது சர்வர் கோளாறாகவோ அந்த நிறுவனத்தின் பிழையாகவோ இருக்கலாம். எல்லாவற்றிலும் முடக்க அறிவிப்பு வந்தால் எம்.சி.எம்.சி-யின் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள், எண்ணைக் குறித்து வையுங்கள். அதற்கு மேலே போக மேல்முறையீட்டு நடுவர் மன்றம் இருக்கிறது. அதற்குத் தலைமை தாங்குவது உயர் நீதிமன்ற நீதிபதி என்று ஆணையமே அந்த செப்டம்பர் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. மோசடியில் பணம் போயிருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். உடனே 997-க்கு அழையுங்கள்.