தலைக்குள்ள மட்டும்தான்னு நினைச்சாங்க: அபின், கடிகாரம், நம்ம தோல்

உங்க வீட்ல எக்ஸிமா இருக்கிறவங்களோ டயாலிசிஸ் பண்ணிக்கிறவங்களோ இருந்தா இது பழக்கமான காட்சியா இருக்கும். பகல் எப்படியோ ஓடிடும். ராத்திரி லைட்டை அணைச்சுப் படுத்ததும் அரிப்பு ஆரம்பிக்கும். "வேற வேலை இல்லாததால அதையே நினைக்கிறே"ன்னு நாம சொல்லிடுவோம். அதுல கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா தோலுக்கும் மணி தெரியும், தோலுக்கும் அபின் மாதிரியான பொருட்களை அடையாளம் தெரியும். இந்த ரெண்டையும் விஞ்ஞானம் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு நாளாச்சு? அதுதான் இன்னிக்குக் கதை.

1972-ல அமெரிக்காவுல ரெண்டு குழுக்கள் தனித்தனியா ஒரே விஷயத்தைக் கண்டுபிடிச்சாங்க. எலியோட மூளையில, கண் நரம்புகள் குறுக்கே வெட்டிக்கிற இடத்துக்கு மேல, ஒரு குட்டி நரம்பு முடிச்சு இருக்கு. அதை அழிச்சா எலிக்கு ராத்திரி பகல் ஒழுங்கே போயிடுது. உடல் கடிகாரம் கிடைச்சாச்சு, அது மூளையில இருக்குன்னு முடிவாச்சு.

அடுத்த வருஷமே, 1973-ல, பால்டிமோர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல கேண்டஸ் பெர்ட்டும் அவரோட பேராசிரியர் சாலமன் ஸ்னைடரும், மார்ஃபின் போய் ஒட்டிக்கிற ரிசெப்டரை மூளைத் திசுவுல காட்டினாங்க. பெர்ட் அப்போ ஆராய்ச்சி மாணவி. 1978-ல லாஸ்கர் விருது அறிவிச்சப்ப ஸ்னைடர் பேர் இருந்தது, பெர்ட் பேர் இல்லை. அவங்க சும்மா இருக்கல, எதிர்ப்பைக் கடிதமா எழுதியே அனுப்பினாங்க. சரியாத்தான் செஞ்சாங்க.

ரிசெப்டர்னா பூட்டு மாதிரின்னு வெச்சுக்கோங்க. கசகசாச் செடியோட பாலுக்காக நம்ம உடம்பு ஏன் ஒரு பூட்டு செஞ்சு வெச்சிருக்கணும்? அப்போ உடம்புக்குள்ளேயே ஒரு சாவி இருக்கணுமே!

அந்தச் சாவியைத் தேடினவர் ஸ்காட்லாந்தோட அபர்தீன் நகர்ல இருந்த ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ். யூதர்ங்கிறதால ஹிட்லர் ஆட்சியில ஜெர்மனியை விட்டு வந்தவர். மத்தவங்க ஓய்வெடுக்கிற எழுபது வயசுல புது ஆய்வுக்கூடம் ஆரம்பிச்சார். கூட இருந்தவர் ஜான் ஹியூஸ், முப்பதைக் கொஞ்சம் தாண்டின இளைஞர். இறைச்சிக்கூடத்துல இருந்து பன்றி மூளைகளை வாங்கிட்டு வந்து, அரைச்சு, சாறு எடுப்பார்.

சாறுல சாவி இருக்கான்னு எப்படித் தெரியும்? அங்கதான் கோஸ்டர்லிட்ஸோட கைவண்ணம். கினிப் பன்றியோட குடல் துண்டு ஒண்ணைக் கண்ணாடிக் குழாய்க்குள்ள தொங்கவிட்டு லேசா மின்சாரம் கொடுத்தா அது துடிக்கும். மார்ஃபின் விட்டா துடிப்பு அடங்கும். மார்ஃபினை முறிக்கிற நலாக்சோன் விட்டா திரும்பத் துடிக்கும். சுண்டெலியோட விந்துக்குழாயும் இப்படித்தான். பன்றி மூளைச் சாறும் அந்தத் துடிப்பை அடக்கிச்சு, நலாக்சோன் அதையும் முறிச்சது. 1975 டிசம்பர்ல முடிவு வெளியாச்சு. பேர் எங்கெஃபலின். கிரேக்கத்துல "தலைக்குள்ள"ன்னு அர்த்தம்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. அதைக் காட்டிக்கொடுத்ததே குடலும் விந்துக்குழாயும்தான். அதாவது பூட்டு தலைக்கு வெளியேயும் இருக்கு, மேசை மேலேயே துடிச்சிட்டிருக்கு. ஆனா வெச்ச பேர் "தலைக்குள்ள". 1977-ல இன்னொரு வகை ரிசெப்டருக்கு டெல்டான்னு பேர் வெச்சாங்க. அந்த "டி"கூட வாஸ் டிஃபரன்ஸ், அதாவது விந்துக்குழாயில இருந்து வந்ததுதான்.

தோலோட முறை வர 1998 ஆச்சு. அந்த வருஷம் சுவிட்சர்லாந்துல ரெண்டு வேலை வெளியாச்சு. பாசல்ல ஒரு குழு மனுஷத் தோலோட மேலடுக்கு செல்கள்லயே மார்ஃபின் ஒட்டுற மியூ ரிசெப்டர் இருக்குன்னு காட்டுச்சு. ஜெனீவாவுல உவேலி ஷிப்லரோட குழு, தட்டுல வளர்த்த எலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்குக் குதிரை ரத்த சீரம் கொடுத்துப் பார்த்துச்சு. மூளையோட எந்தத் தொடர்பும் இல்லாத அந்த செல்கள்ல, கடிகார ஜீன்கள் கிட்டத்தட்ட ஒரு நாளுக்கு ஒரு தடவை ஏறி இறங்க ஆரம்பிச்சது. நம்ம தோலோட உள்ளடுக்குல இருக்கிறதும் இதே வகை செல்கள்தான். ஒரே வருஷம், ஒரே நாடு, ஆனா ரெண்டு தனிக் கதைகள்.

இந்த ரெண்டு கதையும் செல்லுக்குள்ள ஒரு இடத்துல சந்திக்கலாம். டெல்டா ரிசெப்டரைத் தூண்டினா தோல் செல்லுக்குள்ள ஈ.ஆர்.கே.ங்கிற சமிக்ஞைப் பாதை முடுக்கிவிடப்படுது. பீரியட்ங்கிற கடிகார ஜீன்களை எழுப்புற பாதைகள்ல அதுவும் ஒண்ணு. அப்போ வலியைக் குறைக்கிற அதே பொருள் தோலோட கடிகார முள்ளையும் தள்ளிவிட வழி இருக்கு.

கடிகார முள் தள்ளிப்போனா என்ன? 2017-ல கேம்பிரிட்ஜ்ல ஜான் ஓ'நீல் குழு 118 பேரோட தீக்காயப் பதிவுகளைப் பார்த்தாங்க. பகல்ல பட்ட காயம் சராசரியா 17 நாள்ல ஆறியிருக்கு. ராத்திரி பட்டது 28 நாள். காயத்தை மூட ஓடிவர்ற ஃபைப்ரோபிளாஸ்ட்கள் பகல்ல வேகமா நகருதுன்னும் காட்டினாங்க. இப்போ யோசிங்க, தீக்காயத்துக்கு வலி தாங்காம கொடுக்கிறது எது? பெரும்பாலும் மார்ஃபின் குடும்பம்தான். அதனால மருந்தை நிறுத்துங்கன்னு யாரும் சொல்லல, நானும் சொல்லல. எந்த நேரத்துல கொடுக்கிறோம்னு கேட்கலாம் இல்லையா?

அரிப்புல இந்தக் கதை மருந்தாவே வந்துடுச்சு. மியூ தூண்டினா அரிப்பு கூடும், கப்பாங்கிற இன்னொரு ரிசெப்டரைத் தூண்டினா குறையும். 2021-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச டைஃபெலிகெஃபலின் கப்பாவைத்தான் தூண்டுது. மூளைக்குள்ள பெரும்பாலும் போகாத மாதிரி செஞ்ச மருந்து. டயாலிசிஸ் முடியறப்போ நரம்பு வழியா ஏத்துறாங்க. அது டயாலிசிஸ் அட்டவணையோட நேரம். அரிக்கிறது தோலோட நேரத்துல, ராத்திரி லைட்டை அணைச்சப்புறம்.