நார்ட்டன், டோரீன் (1922–2007)

இங்கிலாந்துச் செவிலியர், முதியோர் பராமரிப்பு ஆய்வின் முன்னோடி. ரோடா மெக்லாரன், மருத்துவர் எக்ஸ்டன்-ஸ்மித் ஆகியோருடன் இவர் நடத்திய மருத்துவமனை ஆய்வு 1962-இல் வெளியானது. அதில் பிறந்ததுதான் 'நார்ட்டன் அளவுகோல்'. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், மலஜலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் தலா 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே என்றால் படுக்கைப்புண் வரும் ஆபத்து உண்டு. கருவி எதுவும் வேண்டாம். கட்டிலருகே நின்று கவனிக்கும் செவிலியரின் கண்ணே போதும். களிம்பு தடவுவதைவிட, நேரம் தவறாமல் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதே முக்கியம் என்பதையும் இவ்வாய்வு உணர்த்தியது. அன்றாட வேலையாகக் கருதப்பட்டதை ஆராய்ச்சிப் பொருளாக்கியதே இவரது பெரும் சாதனை. பின்னர் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் முதியோர் செவிலியத் துறைப் பேராசிரியரானார்.