மண் உருவாரமும் காகிதக்கூழ்ப் பொம்மையும்

தமிழகத்துப் பொம்மைக் கலையின் வரலாற்றை நவராத்திரிக் கொலுவிலிருந்து தொடங்கும் வழக்கம் சேலம், நாமக்கல் சமவெளிக்குப் பொருந்தாது. 1997 வரை ஒரே மாவட்டமாக இருந்த இப்பகுதியில் மண்ணுக்கு முகம் கொடுத்தது நேர்த்திக்கடனே. பிள்ளை வரம் வேண்டியவர் குழந்தை உருவத்தையும், மாட்டின் நோய் தீர வேண்டியவர் மாட்டின் உருவத்தையும், கைகால் வலி நீங்கியவர் அந்த உறுப்பின் உருவத்தையும் குயவரிடம் செய்வித்து ஊர்த்தெய்வத்தின் கோயிலில் வைத்தனர். இவ்வாறு வைக்கப்படும் சுடுமண் உருவமே கொங்கு வழக்கில் ‘உருவாரம்’ எனப்படுகிறது. தமிழ்க் குயவர்கள் சிறுதெய்வக் கோயில்களில் பூசாரிகளாகவும் விளங்கியதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட குலங்கள் பற்றிய நூல் குறிப்பிடுவதால், உருவத்தைச் செய்த கையும் அதற்குப் பூசை செய்த கையும் பல ஊர்களில் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

முனியப்பன், அய்யனார் கோயில்களுக்கான பெரிய குதிரையே இக்கலையின் கடினமான பகுதி. ஏரிக் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்து, கால்களை உள்ளீடற்ற குழாய்களாக எழுப்பி, அவை சற்று இறுகிய பின்னரே வயிற்றையும் கழுத்தையும் படிப்படியாக ஏற்றுவர். ஈரம் மிகுந்தால் கால்கள் சரியும், குறைந்தால் ஒட்டிய இடம் வெடிக்கும். சூளையின் வெப்பத்தில் உருவம் பிளக்காதிருக்க, உள்ளே அடைபடும் காற்றும் ஆவியும் வெளியேறத் துளைகள் விடப்படும். வண்ணம் பூசிய பின் இறுதியில் விழி வரைவதைக் ‘கண் திறத்தல்’ என்பர்; அதுவரை மண்ணாக இருந்தது அதன் பின்னரே தெய்வத்துக்கு உரியதாகக் கருதப்படுகிறது.

காகிதக்கூழ்ப் பொம்மை இவ்வட்டாரத்தின் பழங்கலை அன்று. தஞ்சாவூர், பண்ருட்டி, புதுச்சேரியின் திருக்கனூர் ஆகிய ஊர்களே அதற்குப் பெயர் பெற்றவை. ஊறவைத்து இடித்த காகிதத்தில் பசையும் சுண்ணத்தூளும் சேர்த்து, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்து, இரு பாதி அச்சுகளில் அழுத்தி உலர்த்தி ஒட்டுவது அதன் முறை. ஆயினும் அப்பசைக்குப் பயன்படும் மரவள்ளி மாவு சேலத்துக்கு மிக நெருங்கிய பொருள். உலகப்போரால் ஜவ்வரிசி இறக்குமதி நின்றபோது, 1943இல் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்ய இங்கே தொடங்கிய ஆலைத்தொழில் இம்மண்ணை மரவள்ளியின் நாடாக்கியது.

அச்சில் பிறக்கும் பொம்மைகளுக்குக் கிடைத்த சந்தையும் புகழும் உருவாரத்துக்குக் கிடைக்கவில்லை. கோயில்களில் சிமெண்டுச் சிலைகள் பெருகியதும் அதன் இடத்தைச் சுருக்கியது. ஆயினும் உணர்ச்சி வெளிப்பாட்டில் கையால் எழுப்பிய உருவாரமே மேலானது, ஏனெனில் ஒன்றின் முகம் மற்றொன்றுக்கு வாய்ப்பதில்லை. உருவாரத்துக்கு அடிப்படையான களிமண்ணைப் பொறுத்தவரை, மண்பாண்டத் தொழிலாளர்கள் வட்டாட்சியரின் அனுமதி பெற்று ஏரி, குளங்களில் கட்டணமின்றி அதை எடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது.